கைதட்டலோடு முடிந்துவிடக் கூடாத பாட்டு

ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிப் பாடகர் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு ஓர் ஆங்கிலப் பாட்டு. ‘ஹீஸ் காட் த ஹோல் வேர்ல்டு’ என்று பெயர். இரண்டு கைகளையும் பெரிய வட்டமாகச் சுற்றிக் காட்ட வேண்டும், குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிரித்துக்கொண்டே பாட வேண்டும். சிரிக்காமல் நின்ற என்னைப் பயிற்சியின்போது இரண்டு முறை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தினார்கள். ஞாயிறுப் பள்ளியிலும் இதே பாட்டு, இதே கையாட்டம். ‘ஆக்‌ஷன் சாங்’ என்றுதான் எங்களுக்கு அறிமுகம். ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரில், பூந்தோட்டத்தில் ஓடி விளையாடும் குழந்தைகளுக்காக எழுதிய பாட்டு என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

அது கறுப்பின மக்களின் பாட்டு. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்திய அதே நாளில், அதே மேடையில், மரியன் ஆண்டர்சன் பாடிய பாட்டு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆனது. அதுவும் ஒரு கச்சேரியின் வீடியோ தற்செயலாகக் கண்ணில் பட்டதால்தான்.

1990 மார்ச் 18, நியூயார்க் கார்னகி ஹால். ஜெஸ்ஸி நார்மன், கேத்லீன் பேட்டில் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள். பின்னால் முழு சிம்பொனி இசைக்குழு, அதற்கும் பின்னால் பாடகர் குழு. இத்தாலிய, ஜெர்மானிய ஓபராக்களில் உச்சத்தில் இருந்த இருவரும் அன்று பாடியது முழுக்க முழுக்க ‘ஸ்பிரிச்சுவல்ஸ்’ எனப்படும் பாடல்கள். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் உருவாக்கிய பாடல்கள். அவற்றுக்கு நடுவே என் ஆறாம் வகுப்புப் பாட்டும் வந்தது. நான் கையை வட்டமாகச் சுற்றவில்லை.

அந்த வீடியோவைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சங்கடமும் வருகிறது. பாட்டு முடிந்ததும் எழும் கைதட்டல் எதற்கு? குரலுக்கா, பாட்டுக்கா, அந்தப் பாட்டைப் பாட வேண்டிய நிலையில் வைக்கப்பட்டிருந்த மனிதர்களுக்கா? அவர்கள் துயரத்தை நாம் இவ்வளவு அழகாக ரசிக்கலாமா? இந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பறையையும் ஒப்பாரியையும் சபாக்களிலும் திருவிழா மேடைகளிலும் பார்க்கத் தொடங்கியிருக்கும் நமக்கு, இது தூரத்து ஊர்க் கதை அல்ல.

பறிக்க முடியாத மேளம்

1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டே அணிவகுத்தார்கள். கிளர்ச்சியை ஒடுக்கிய காலனி அரசு, 1740-இல் கொண்டுவந்த கறுப்பர் சட்டத்தில் மேளத்தையும் கொம்பையும் தடை செய்தது. மேளம் ஆளைக் கூட்டும், சேதி சொல்லும் என்று ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது. மேளத்தைப் பறித்தவர்களால் காலையும் கையையும் பறிக்க முடியவில்லை. வட்டமாக நகர்ந்தபடி, காலால் தரையை உதைத்து, கையைத் தட்டி, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் வழிபாடு வளர்ந்தது. ஸ்பிரிச்சுவல்ஸ் அந்த மண்ணில் பிறந்தவை.

வேதத்தையும் ஆண்டைகள் சும்மா விடவில்லை. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807-இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய கதை அதில் நீக்கப்பட்டிருந்தது. எந்தப் பக்கத்தைக் கிழித்தால் ஆபத்து குறையும் என்று அவர்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள். ஆனால் அமெரிக்கத் தோட்டங்களில், எழுத்தறிவே தடுக்கப்பட்டிருந்த மக்கள் மோசேயையும் யோர்தான் நதியையும் சிங்கக் குகையிலிருந்து தப்பிய தானியேலையும் காதால் கேட்டே பிடித்துக்கொண்டார்கள். கீழ்ப்படியச் சொல்லிக் கொடுத்த மதத்திலிருந்து, விடுதலை பெற்றவர்களின் கதைகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி எழுத்தாளரான ஃபிரெட்ரிக் டக்ளஸ் 1855-இல் எழுதிய நூலில் வெளிப்படையாகச் சொல்கிறார்: தாங்கள் கானான் என்று பாடியபோது மனதில் இருந்தது சொர்க்கம் மட்டுமல்ல, அடிமைமுறை இல்லாத வட மாநிலங்களும்தான்.

டக்ளஸ் இன்னொன்றும் சொன்னார். 1845-இல் வெளிவந்த அவரது முதல் தன்வரலாற்றில் அது இருக்கிறது. அடிமைகள் பாடுவதைக் கேட்டு, அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வட மாநிலத்தவர் பேசுவதைக் கேட்டு அவர் திகைத்துப்போனார். மிகத் துன்பத்தில் இருக்கும்போதுதான் அடிமை மிக அதிகமாகப் பாடுகிறான் என்று விளக்கினார். கண்ணீர் வலியை ஆற்றுவதுபோல் பாட்டு ஆற்றுகிறது, அவ்வளவுதான். என்னைச் சிரித்துக்கொண்டே பாடச் சொன்ன பள்ளி நினைவுக்கு வருகிறது. 1845-லேயே ஒருவர் எச்சரித்த தவற்றை ஒரு தமிழ்நாட்டுப் பள்ளி மேடையில் நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

மேடையேற்றியது யார்?

இந்தப் பாடல்கள் அச்சில் தொகுப்பாக வந்தது 1867-இல். மூன்று வெள்ளையர்கள் தொகுத்த அந்நூலில் 136 பாடல்கள் இருந்தன. ஆனால் இவற்றை உலகுக்குக் கொண்டுபோனவர்கள் கறுப்பின மாணவர்களே.

அடிமைமுறை ஒழிந்த மறு ஆண்டு, 1866-இல், டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் விடுதலை பெற்றவர்களுக்காக ஃபிஸ்க் என்ற கல்வி நிலையம் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் மூடும் நிலை. கட்டடம் ஒழுகியது, கடன் ஏறியது. அங்கே பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்த ஜார்ஜ் வைட் என்ற வெள்ளையர், ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு 1871 அக்டோபர் 6 அன்று நிதி திரட்டக் கிளம்பினார். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். குழுவின் பியானோ கலைஞரும் முதுகெலும்புமான எல்லா ஷெப்பர்டை அவர் தந்தை விலை கொடுத்து மீட்டிருந்தார். தாயை விற்க ஆண்டைக் குடும்பம் மறுத்துவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் ‘ஜூபிலி பாடகர்கள்’ ஆனார்கள்.

அவர்களுக்கு முதலில் இந்தப் பாடல்களை மேடையில் பாடவே விருப்பமில்லை. எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒன்று, அவை அடிமைக் காலத்தை நினைவூட்டின, அதை மறக்கவே விரும்பினார்கள். இரண்டு, அவை பெற்றோரின் வழிபாட்டுக்கு உரியவை, காசுக்குப் பாடுவதற்கு உரியவை அல்ல. அந்த நாட்களில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகள் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. கறுப்பர் மேடையேறினால் கோமாளித்தனத்தையே கூட்டம் எதிர்பார்த்தது. அந்தப் பார்வைக்கு முன் தாயின் வழிபாட்டுப் பாட்டை வைப்பது எப்படிப்பட்ட சோதனை என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் பாடினார்கள். அவர்கள் பயணத்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே சிகாகோ நகரம் தீயில் எரிந்தது. ஐம்பது டாலர்கூடத் தேறாத தங்கள் தொடக்க வசூலை, கையில் காசில்லாத நிலையிலும், அந்த நகருக்குக் கொடுத்தார்கள். பல ஊர்களில் விடுதிகள் அவர்களுக்கு அறை தர மறுத்தன. மெல்ல மெல்ல, தாங்கள் தயங்கிய அந்தப் பாடல்களே கூட்டத்தை இழுத்தன. 1872-இல் வெள்ளை மாளிகையில் பாடினார்கள், 1873-இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் முன் பாடினார்கள். திரட்டிய பணத்தில் 1876-இல் ஃபிஸ்கில் ஜூபிலி ஹால் என்ற பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. இன்றும் அது நிற்கிறது.

கச்சேரி மேடை இந்தப் பாடல்களைக் களவாடியது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். முதலில் மேடையேற்றியது பாட்டுக்கு உரியவர்கள். காரணமும் தெளிவாக இருந்தது: எங்கள் பிள்ளைகள் படிக்க ஒரு கல்லூரி வேண்டும். பாட்டை விற்றுக் கட்டடம் வாங்கினார்கள். அந்தக் கட்டடத்தின் நிழலில் படித்து 1888-இல் பட்டம் பெற்றவர்தான் டுபாய்ஸ். ஒரு சமூகம் தன் பாட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு மேடையேறினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஒரே மண்டபம், மூன்று இரவுகள்

அது வேறொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும்? அதற்கு கார்னகி ஹாலுக்கே திரும்ப வேண்டும்.

முதல் இரவு, 1893 டிசம்பர் 16. செக் நாட்டு இசையமைப்பாளர் ட்வோராக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி அங்கே முதன்முதலாக வாசிக்கப்பட்டது. ட்வோராக் அப்போது நியூயார்க்கின் தேசிய இசைப்பள்ளி இயக்குநர். கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. அங்கே படித்த ஹாரி பர்லி, பார்வையிழந்த தன் தாத்தாவிடம் கற்ற பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டுவார். தாத்தா அடிமையாக இருந்தவர். அமெரிக்காவின் எதிர்கால இசை கறுப்பர்களின் பாடல்கள் மீதுதான் எழ வேண்டும் என்று ட்வோராக் 1893-இல் பத்திரிகையிடம் சொன்னார். நேர்மையான மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். அந்த சிம்பொனி உலகமெங்கும் நூற்றாண்டைத் தாண்டி ஒலிக்கிறது. அதன் மெதுவான பகுதியில் வரும் மெட்டை ஸ்பிரிச்சுவல் என்றே பலர் நம்புகிறார்கள். மெட்டு ட்வோராக்குடையது. அதற்குச் சொற்களைச் சேர்த்தவர் அவருடைய வெள்ளை மாணவர் ஒருவர், 1922-இல். உண்மையான ஸ்பிரிச்சுவல்களில் பெரும்பாலானவற்றைவிட அது பிரபலமாகிவிட்டது.

இரண்டாம் இரவு, 1934 நவம்பர். வில்லியம் டாசன் என்ற கறுப்பின இசையமைப்பாளரின் ‘நீக்ரோ ஃபோக் சிம்பொனி’. ஸ்டோகோவ்ஸ்கி நடத்த, பிலடெல்பியா இசைக்குழு வாசித்தது. டாசன் அலபாமாவில் பிறந்து, சிறுவயதில் வீட்டை விட்டு ஓடி, டஸ்கீகி கல்வி நிலையத்தில் படித்து, பின்னர் அங்கேயே பாடகர் குழுவைக் கட்டி எழுப்பியவர். ஸ்பிரிச்சுவல்களின் மெட்டுகளை வெளியிலிருந்து கேட்டு எழுதியவர் அல்ல, அவற்றோடு வளர்ந்தவர். ரசிகர்கள் கொண்டாடினார்கள், வானொலியிலும் ஒலிபரப்பானது. பிறகு? பல பத்தாண்டுகள் பெரிய இசைக்குழுக்கள் அதை அபூர்வமாகவே தொட்டன. டாசன் 1990-இல் மறையும்வரை வேறொரு சிம்பொனி எழுதவில்லை. ட்வோராக் சொன்ன எதிர்கால இசை வந்து கதவைத் தட்டியது. ஒருநாள் திறந்துவிட்டு, திரும்பப் பூட்டிவிட்டார்கள்.

அவர் மட்டுமல்ல. ஃபுளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியை 1933-இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழு வாசித்தது. பெரிய அமெரிக்க இசைக்குழு ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் முறை. பத்து வருடம் கழித்து, 1943-இல், தனக்குப் பெண் என்றும் கறுப்பர் என்றும் இரண்டு தடைகள் இருப்பதாக பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநருக்கு அவரே கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1953-இல் இறந்துபோனார். 2009-இல் இல்லினாய் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு வீட்டைப் புதுப்பிக்கப் போனவர்கள், அவருடைய இசைக்குறிப்புகள் கட்டுக்கட்டாகக் கிடப்பதைக் கண்டார்கள். இசை தொலைந்துபோகவில்லை. யாரும் தேடவில்லை.

மூன்றாம் இரவு, நான் சொன்ன 1990. இங்கே இரண்டு கறுப்பினப் பெண்கள் மேடையின் நடுவில் நிற்கிறார்கள். ஜெஸ்ஸி நார்மன் ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி என்று பிரித்துவைத்த ஊரில் வளர்ந்தவர். நடத்துநர் வெள்ளையர்தான். ஆனால் பாடல்களைக் கச்சேரிக்கு ஏற்பக் கோத்தவர்களில் ஹால் ஜான்சன், மார்கரெட் பாண்ட்ஸ் போன்ற கறுப்பின இசையாளர்கள் இருக்கிறார்கள். பாண்ட்ஸ், ஃபுளோரன்ஸ் பிரைஸின் மாணவி. அந்த மேடையில் கேத்லீன் பேட்டில் பாடும் ஒரு பாட்டு, ஏன் என்னை இங்கே கொண்டுவந்தாய் என்று கடவுளிடமே முறையிடுவது. ஆறுதலே இல்லாத பாட்டு. விலையுயர்ந்த இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எந்த விடுவிப்பும் தருவதில்லை. அந்தச் சில நிமிடங்களுக்காக அந்தக் கச்சேரி எனக்கு நியாயமாகப் படுகிறது.

வீட்டுக்குள் நடக்கும் சண்டை

எல்லாக் கறுப்பினச் சிந்தனையாளர்களும் இந்த மேடைகளை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். டாசனின் சிம்பொனி அரங்கேறிய அதே 1934-இல், எழுத்தாளரும் மானுடவியலாளருமான சோரா நீல் ஹர்ஸ்டன் ஒரு கட்டுரை எழுதினார். கச்சேரியில் பாடப்படுவது ஸ்பிரிச்சுவலே அல்ல என்றார். உண்மையானது ஒவ்வொரு முறையும் மாறும், அடுத்தடுத்து ஒரே மாதிரி வராது, குரல் பிசிறும், தாளம் முட்டும், ஏனென்றால் அது ரசிகர்களுக்காகப் பாடுவதல்ல என்பது அவர் வாதம். இன்னொரு பக்கம் ஹார்லெம் மறுமலர்ச்சியின் தத்துவ ஆசிரியர் அலன் லாக், இந்தப் பாடல்கள் பெரிய இசை வடிவங்களாக வளர வேண்டும் என்று வாதாடினார்.

நான் யார் பக்கம்? இரண்டு பேரும் தங்கள் வீட்டைப் பற்றித் தங்கள் வீட்டுக்குள் பேசினார்கள். அந்தச் சண்டை அந்த இசையை வளப்படுத்தியது. எனக்குப் பிரச்சினை, ஹர்ஸ்டனின் வாதத்தைக் கடன் வாங்கி, ‘மண்ணின் கலை மண்ணிலேயே இருக்கட்டும், மேடை எதற்கு’ என்று சொல்லும் வெளியாட்களோடுதான். மேடையை, சம்பளத்தை, கல்லூரியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு மண்ணின் தூய்மையைப் பரிசளிப்பது பழைய தந்திரம். 1939-இல் மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பாட இடம் மறுத்தார்கள். தோலின் நிறம்தான் காரணம். ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவிடத்தின் படிகளில் சுமார் 75,000 பேர் முன்னால் அவர் பாடினார். நிகழ்ச்சியின் பிற்பகுதி ஸ்பிரிச்சுவல்ஸ், அதில் ஒன்று ஃபுளோரன்ஸ் பிரைஸ் இசைக்கோவை செய்தது. மண்டபம் வேண்டும் என்று கேட்பது அழகியல் ஆசை இல்லை, உரிமைக் கோரிக்கை.

அதே நேரம், மேடை கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் பொய். இங்கிலாந்து ரக்பி ரசிகர்களைப் பாருங்கள். ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்’ என்ற ஸ்பிரிச்சுவலை அவர்கள் மைதானத்தில் கையாட்டத்தோடு பாடுகிறார்கள். 1988-இல் ட்விக்கன்ஹாமில் கிறிஸ் ஓட்டி என்ற கறுப்பின வீரர் ஆடிய ஓர் ஆட்டத்திலிருந்து அது அவர்களின் அடையாளப் பாட்டாகவே ஆகிவிட்டது. சாவையும் விடுதலையையும் ஒருசேரப் பாடிய பாட்டு, பீர் கோப்பையோடு பாடும் பாட்டாகிவிட்டது. 2020-இல் கறுப்பின உயிர்கள் முக்கியம் என்ற போராட்டம் வெடித்த பிறகுதான் அந்நாட்டு ரக்பி அமைப்பு இதைப் பற்றி யோசிக்கவே தொடங்கியது. பல ரசிகர்களுக்கு அதன் வரலாறு தெரியாது என்பதை அந்த அமைப்பே ஒப்புக்கொண்டது. பல ஆயிரம் பேர் ஒரே குரலில் பாடுகிறார்கள். யார் பாட்டு என்று தெரியாமல். இதையும் கொண்டாட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

தூரத்துத் துயரம் இனிக்கும்

நமக்கும் இந்தப் பாடல்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. ஜூபிலி பாடகர்கள் இங்கிலாந்தில் பாடிக்கொண்டிருந்த அதே 1873-இல்தான் ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’யை வெளியிட்டார். அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். டுபாய்ஸ் 1903-இல் எழுதிய ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ நூலின் கடைசி அத்தியாயம் இந்தப் பாடல்களைப் பற்றியது. துயரப் பாடல்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர் அவர். அந்த டுபாய்ஸுக்குத்தான் 1946-இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டார், தீண்டப்படாத மக்களும் அந்த வழியை யோசிப்பதாகச் சொன்னார். டுபாய்ஸ் ஆதரவாகப் பதில் எழுதினார். ஒடுக்கப்பட்டவர்களுக்கு இடையிலான உறவு இப்படித்தான் இருந்தது. ரசிப்பு மட்டும் இல்லை, ஆவணப் பரிமாற்றம், போராட்ட வழிமுறைப் பரிமாற்றம்.

இன்னொரு வகை உறவும் இருந்தது. 1936 பிப்ரவரியில் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மனும் அவர் இணையர் சூ பெய்லி தர்மனும் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார்கள். தங்கள் ஸ்பிரிச்சுவல்களில் ஒன்றைப் பாடும்படி காந்தி கேட்டார். சிலுவை மரணத்தைப் பற்றிய பாட்டைப் பாடினார்கள். நெகிழ்ச்சியான சந்திப்பு என்று இன்றும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்னால்தான் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்திருந்தார். மூன்று மாதம் பின்னால் ‘சாதி ஒழிப்பு’ அச்சில் வந்தது. அதற்குக் காந்தி தன் ஹரிஜன் இதழில் எழுதிய பதில், வர்ணத்தைக் காப்பாற்றும் பதில். அமெரிக்கத் தோட்டத்தின் துயரப் பாட்டைக் கேட்க விரும்பிய காது, பக்கத்திலேயே ஒலித்த குரலுக்கு வேறு மாதிரி எதிர்வினை செய்தது.

காந்தியோடு இது முடியவில்லை. நம் நண்பர் வட்டங்களிலேயே பாருங்கள். மரியன் ஆண்டர்சனை ஸ்டேட்டஸில் வைத்து உருகுகிறவர், மார்கழியில் கானாவும் ஒப்பாரியும் மேடையேறினால் ‘இதெல்லாம் எதற்கு அரசியல் பண்ணுகிறார்கள்’ என்கிறார். தூரத்துத் துயரம் இனிக்கும். அதைக் கேட்டு அழுவதற்கு நாம் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவின் துயரம் அப்படியல்ல, அது கணக்குக் கேட்கும். பறையைக் கச்சேரியில் கேட்டுச் சிலிர்ப்பவர், சாவு வீட்டுக்குப் பறையடிக்க மறுக்கும் இளைஞர்களை ஊர் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும்.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு என்கிற பரட்டை இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். கர்நாடக மெட்டுக் கீர்த்தனைகளே புனிதம் என்றிருந்த தமிழ்த் திருச்சபைக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். பாடுகிற மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாட முடிய வேண்டும், அதுதான் அந்த இசையின் விடுதலை என்பது அவர் நிலைப்பாடு. ஹர்ஸ்டனும் அவரும் சந்தித்திருந்தால் நிறையப் பேசியிருப்பார்கள்.

அப்படியானால் இப்படிப்பட்ட கச்சேரிகளை என்ன செய்வது? கேட்போம், மனம் நிறையக் கேட்போம். கூடவே நான்கு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு போவோம். பாட்டுக்கு உரியவர்கள் மேடையில் இருக்கிறார்களா, அதுவும் முடிவெடுக்கும் இடத்தில்? நிகழ்ச்சித் தாளில் யார் பெயர், காசு யாருக்குப் போகிறது? அந்தச் சமூகத்துப் பிள்ளை வாங்கக்கூடிய விலையில் ஒரு டிக்கெட்டாவது இருக்கிறதா? இந்தப் பாட்டு ஏன் பிறந்தது என்று யாராவது வாய்திறந்து சொல்கிறார்களா? ஃபிஸ்க் மாணவர்கள் கையில் காசில்லாமல் இருந்தபோதே முதலிரண்டு கேள்விகளுக்கும் பதில் வைத்திருந்தார்கள். கோடிகளில் புரளும் மண்டபங்களுக்கு அது முடியாதா என்ன?

போன வருடம் அண்ணன் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். முப்பது குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். அதே பாட்டு, அதே கை வட்டம். வீடு திரும்பும்போது பேருந்தில் அவளுக்கு மரியன் ஆண்டர்சனைப் பற்றிச் சொன்னேன். மண்டபம் மறுத்ததையும், படிக்கட்டில் நின்று பாடியதையும், பிறகு ஒரு பெரிய பேரணியில் அவள் பாடிய இதே பாட்டைப் பாடியதையும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப ஏன் அத்தை எங்கள சிரிச்சுக்கிட்டே பாடச் சொன்னாங்க?”

அவளுடைய ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை பாடும் முன், இது யாருடைய பாட்டு என்று ஒரு குழந்தை மைக்கில் இரண்டு வரி சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான். அந்த இரண்டு வரிக்குப் பிறகு வரும் கைதட்டல் யாருக்கானது என்று அந்தக் குழந்தைகளுக்காவது தெரிந்திருக்கும்.